சின்னவாயும் அத்தானின் அறிக்கையும்

2023 ஒக்டோபர் 16, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, சீனி போடாத தேத்தண்ணி ஒன்று குடித்து, 5.35க்குக் கடற்கரைக்குப் போனேன். மணல்திட்டில் நான் நட்டிருந்த இருபத்துநான்கு கம்புகளில் ஒன்பது நனைந்திருந்தன. கம்புகளின் எண்களைக் கொப்பியில் எழுதினேன். காற்று தெற்கிலிருந்து, மெதுவாக. 6.20க்கு வீடு. பாண் வாங்கி, முதல் நாள் மீன்குழம்பைச் சூடாக்கி வைத்தேன். 7.10க்குப் பள்ளிக்கூடம்; நான் அங்கே கணித ஆசிரியை, முதல் இரண்டு பாடமும் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம். நான் வெளிக்கிடும்போது முன்னறையில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். பிற்பகல் 2.30க்கு ஊர் மண்டபத்தில் கூட்டம் இருந்தது. அதில் பேசுவதற்கென்றே அக்காவையும் கூட்டிக்கொண்டு முதல் நாள் மாலை கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்திருந்தார். எட்டு மணிக்கு முன்னர் எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்தவர். கடல் எப்படி நடந்துகொள்ளும் என்று அன்று பிற்பகல் ஊருக்குச் சொல்லப் போகிறவர், அந்தக் கடலை விடியற்காலையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்து இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். இந்த ஆண்டு அவருடைய மணிவிழா மலருக்கு உறவினர் சார்பில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அவருடைய கையெழுத்து மிக அழகானது என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. மலரில் இடம் பெறாத மற்ற உண்மைகளை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய துறை இயற்கணிதம். அதிலும் முதன்மைப் பிரிப்பு என்ற ஒரு மூலையில்தான் முப்பது ஆண்டுகள் குடியிருந்தார். நானும் பிற்காலத்தில் வார இறுதி வகுப்புகளுக்குப் போய் அந்தத் துறையில் முதுமாணிப் பட்டம் பெற்றேன். ஆகையால் அது என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முடியும். 360 என்ற எண்ணை எட்டு, ஒன்பது, ஐந்து என்று பிரிக்கலாம். எட்டு என்பது இரண்டின் அடுக்கு, ஒன்பது மூன்றின் அடுக்கு. யார் பிரித்தாலும் இதே மூன்றுதான் வரும். எண்களுக்குப் பதிலாகச் சமன்பாடுகளின் கூட்டங்களை எடுத்து, அவற்றையும் இப்படி அடிப்படைத் துண்டுகளாகப் பிரிப்பதுதான் முதன்மைப் பிரிப்பு. ஆனால் அங்கே எண்களில் இல்லாத ஒன்று நடக்கும். சில வேளைகளில் ஒரு துண்டு இன்னொரு துண்டின் உள்ளேயே பதிந்து கிடக்கும். ஒரு கோடு இருக்கிறது; அதில் ஒரு புள்ளியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடிப்பு. படம் வரைந்தால் வெறும் கோடுதான் தெரியும். அந்தத் தடிப்பை எந்த வடிவில் எழுதுவது என்பதில் பல வழிகள் உண்டு, எல்லாம் சரி. ஆனால் தடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு பேச்சு கிடையாது. எப்படிப் பிரித்தாலும் அது அங்கே வந்து நிற்கும். முதலாண்டு மாணவருக்கே இது முக்கியமான பாடம். அத்தான் இதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறார், அந்த அழகான கையெழுத்தில்.

எழுதினாரே தவிர, அதை ஒருநாளும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு கேள்விக்கு ஒரே விடை இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே அசிங்கம் என்பது அவருடைய சுபாவம். ஒருமுறை அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது, சொதி முந்தியதைப் போல இல்லையே, எப்படி வைத்தாய் என்று அக்காவைக் கேட்டார். இன்றைக்கு விளைமீன், அதனால் புளி குறைத்தேன் என்றாள் அக்கா. போன கிழமை சூடை, அதற்கு வேறு மாதிரி. அத்தான் கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப உமக்கு சொதி வைக்கத் தெரியாது எண்டு அர்த்தம்" என்றார். பகிடி இல்லை. உண்மையாகவே அதை ஒரு தேற்றம் போலச் சொன்னார். அக்கா, "ஓம், மீனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள். அவர் அதையும் குடித்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவளுக்கு வைக்கத் தெரியாத சொதியைக் குடித்து வளர்ந்த உடம்பு அது.

இனி கம்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் உடப்பு, சிலாபத்துக்கு வடக்கே உள்ள மீனவ ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பேரியான களப்பு, நடுவில் மணல்திட்டு. களப்பு நீர் கடலுக்குப் போகிற பெரிய வழியைப் பெரியவாய் என்கிறோம். அது எந்த நாளும் திறந்திருக்கும். ஐப்பசி மழையில் களப்பு நிறைந்தால், வடக்கே இன்னொரு இடத்தில் மணல்திட்டு உடைந்து ஒரு சிறிய வழி உண்டாகும். அது சின்னவாய். இரண்டு கிழமை, மிஞ்சினால் மூன்று கிழமை திறந்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடி என்ற மீனவர் குடிசை போட்டுத் தொழில் செய்யப் போனவர்கள் வள்ளங்களோடு திரும்பி வருவதும் அந்தக் காலத்தில்தான். பெரியவாயில் அப்போது அலை குறுக்கும் நெடுக்குமாக அடிக்கும். சின்ன வள்ளங்கள் எல்லாம் சின்னவாயால்தான் களப்புக்குள் வரும். ஒரு வருடம் சின்னவாய் பிந்தி உடைந்தது. பொறுக்க முடியாமல் பெரியவாயால் நுழைந்த ஒரு வள்ளம் கவிழ்ந்தது. அதில் போனவர் எங்கள் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் தம்பி. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

மணல்திட்டில் சவுக்குக் கம்புகளை நட்டு, எது நனைகிறது என்று தினமும் காலையில் எழுதத் தொடங்கியது நான்தான். கடல் பக்கம் ஒன்று முதல் எட்டு வரை, நடுவில் எட்டு, களப்புப் பக்கம் எட்டு. ஏன் தொடங்கினேன் என்றால், புதிய கணிதம் ஒன்றைப் பற்றி வாசித்திருந்தேன். நிலைப்பு என்று தமிழில் சொல்லலாம். நனைந்த கம்புகளைப் புள்ளிகளாக வைத்து, அருகருகே இருப்பவற்றை இணைத்துக்கொண்டே போனால், நடுவில் காய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டாகும். நீர் ஏற ஏற, இணைக்கும் தூரத்தைக் கூட்டக் கூட்ட, சில வளையங்கள் பிறந்து உடனே சாகும், சில நெடுநாள் நிற்கும். நீர்மட்டம், தூரம் என்று இரண்டு அளவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்த வளையங்களின் கணக்கு நேராக முதன்மைப் பிரிப்பில் வந்து முடிகிறது. எந்த வளையம் எந்தத் திசையில் சாகாமல் நிற்கிறது என்பதை அதன் துண்டுகள் சொல்லும். எங்கள் திட்டின் ஓரத்தில் பனைமேடு இருக்கிறது. அதில் கம்பு இல்லை, தண்ணீரும் ஏறாது. அதைச் சுற்றிய வளையம் நீர் எவ்வளவு ஏறினாலும் சாகாது. பெரியவாய்க்கும் சின்னவாய்க்கும் நடுவிலுள்ள மணலைச் சுற்றிய வளையம்தான் சின்னவாயின் அடையாளம்; அதுவோ சின்னப்பிள்ளை: நீர் கொஞ்சம் கூடினாலும் சாகும், தூரம் கொஞ்சம் கூடினாலும் சாகும். பிரிப்பில் அது தனித்து நிற்காது. பனைமேட்டின் துண்டுக்குள் பதிந்து கிடக்கும். கோட்டின் மேல் தடிப்புப் போல.

இதை ஒருநாள் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமையே அத்தானுக்கு எங்கள் ஊரின் மேல் பாசம் வந்துவிட்டது. அந்த நேரம் கடலரிப்பைத் தடுக்கப் பெரியவாயிலிருந்து வடக்கே கருங்கல் அணை போடுவதென்று அரசாங்கத் திட்டம் ஒன்று வந்திருந்தது. அணை, சின்னவாய் உடைகிற இடத்தையும் சேர்த்து மூடிவிடும். அப்படியொரு வழி உண்மையில் இருக்கிறதா என்று விஞ்ஞான முறையில் ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். தான் இலவசமாக எழுதித் தருவதாக அத்தான் முன்வந்தார். ஓய்வுபெறுவதற்கு முன் ஒரு பிரயோகக் கட்டுரையாவது தன் பெயரில் வர வேண்டும் என்று அவருக்கு இருந்தது. முப்பது ஆண்டுகள் பிரயோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கடைக்காரர் என்று சொன்ன மனிதர்.

ஒரே ஒருமுறை இடம் பார்க்க வந்தார். மாசி மாதம், கடல் குளம் போலக் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றவில்லை. நிற்க ஏலாது, ஒரு கதிரை வேண்டும் என்றார். வாடியிலிருந்து பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து கொடுத்தோம். ஈர மணலில் அதைப் போட்டு இருந்துகொண்டு, என் கொப்பியை மடியில் விரித்தார். கம்புகளின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். சம்மாட்டியார் கிட்டே வந்தார்.

"சேர், கதிரை மண்ணுக்க போகுது. கொஞ்சம் எழும்புங்க."

"பரவாயில்லை. நான் இருக்கிறன்."

"நீங்க இருப்பீங்க சேர். கதிரை இருக்காது."

சொல்லி முடிவதற்குள் பின்கால்கள் இரண்டும் இறங்க, அத்தான் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்தார். என் கொப்பி நனைந்தது. சம்மாட்டியார் அவரைக் கைபிடித்துத் தூக்கி, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு, "கரையில குந்தத்தான் ஆண்டவன் குண்டிய தந்திருக்கான். கதிரை என்னத்துக்கு சேர்?" என்றார். வலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தான் வாகனத்தில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னது: "இந்தச் சனத்திட்டத் தரவு எடுக்கிறது சரிவராது. உம்மட கொப்பி எனக்குக் காணும்." என் கொப்பியில் இருந்ததெல்லாம் அந்தச் சனத்தின் கரையில் எடுத்த அளவுதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இருபது நிமிடம் இருந்திருப்பார்.

ஆனியில் அறிக்கையின் முதல் வரைவை அனுப்பினார். ஒன்றை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். நான் அதை முழுதாக வாசிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் தரவு சேகரித்தவர் என்று என் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. சரி அத்தான், நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அவரை நான் இகழ்கிற அளவில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டும். ஆடி மாதம் இறுதி அறிக்கை ஊருக்கு வந்த பிறகுதான் நாலாம் பக்கத்தைக் கவனித்தேன். அங்கே ஒரு வரி: உட்பதிந்த கூறுகள் ஒருமையானவை அல்லவாகையால் இவ்வாய்வில் அவை கருத்திற்கொள்ளப்படவில்லை. உட்பதிந்த கூறு என்றால் மேலே சொன்ன தடிப்பு; ஒருமை என்றால் ஒரே வடிவில் மட்டும் எழுத முடிவது. அந்த ஒரு வரியில் சின்னவாய் போயிற்று. முடிவுரையில், பெரியவாய் தவிர நிலைத்த வழி வேறெதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்.

அன்று பின்னேரமே தொலைபேசியில் பேசினேன்.

"அத்தான், உட்பதிந்த கூறை விட்டுட்டீங்க."

"ஓம், விட்டனான். அது ஒருமையானதில்லை."

"அத எந்த வடிவில எழுதுறதெண்டதுதான் ஒருமையில்ல. அது இருக்கு எண்டதில மாற்றமில்ல. எப்படிப் பிரிச்சாலும் வரும். முதலாம் ஒருமைத் தேற்றம்."

"நீர் எனக்குத் தேற்றம் சொல்லித் தாறீரோ?"

"உங்கட விரிவுரைக் குறிப்பிலதான் இருக்கு, அத்தான். முப்பத்தோராம் பக்கம்."

அவர் பக்கத்தில் கிரிக்கெட் வர்ணனை கேட்டது. பிறகு, "நீர் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வகையீடு படிப்பியும். இது வேற" என்று வைத்துவிட்டார். அவருக்குத் தேற்றம் தெரியாமல் இல்லை. தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உட்பதிந்த கூறைச் சேர்த்தால் விடை ஒரு வரியில் முடியாது, இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம் என்று இரண்டு பக்கம் விளக்க வேண்டும். அந்த இரண்டு பக்கம் அவருடைய கட்டுரையின் அழகைக் கெடுத்துவிடும். வள்ளத்தில் வருகிறவர்களின் கழுத்தை அந்த அழகின் மறுதட்டில் வைக்க அவருக்குக் கை கூசவில்லை.

ஒக்டோபர் 16ஆம் திகதிக் கூட்டம் 2.50க்குத் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. அணை வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஓர் இளம் பெண். சிங்களவர், சிலாபத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அத்தான் முப்பது நிமிடம் படம் காட்டினார். நிறப் பட்டைகள், அம்புக்குறிகள். முன்வரிசையிலிருந்த பெண்கள் அவருடைய கழுத்துப்பட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவில் பொறியியலாளர், சின்னவாய் என்று ஊரவர்கள் சொல்வதைப் பற்றிக் கேட்டார். "அது ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு இடம்," என்றார் அத்தான். "இடமே இல்லாத ஒண்டை எப்படி இருக்கு எண்டு சொல்லுறது?" தனக்கே பிடித்திருந்ததால் அதை இன்னொரு முறையும் சொன்னார்.

சம்மாட்டியார் எழுந்தார். கையில் தொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"மிஸ், எங்க உடையும் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. எங்கட அப்பாவுக்கும் ஏலாது. உடையும் எண்டு சொல்லுவன். உடையாத வருசம் ஒண்ட இந்த சேர் காட்டட்டும், நான் வலைய வித்துப்போட்டு இவருக்குக் கதிரை தூக்கறன்."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். வடிவத்தில் தெரிவு உண்டு, இருப்பில் இல்லை. மணல்திட்டு வேறு, சமன்பாடு வேறு என்பது எனக்குத் தெரியும். ஒன்றை மற்றதாக்கி மயங்குகிறவள் அல்ல நான். ஆனால் அத்தான் இரண்டிலும் ஒரே பிழையைத்தான் செய்திருந்தார்.

எழுந்து, அறிக்கைக்குத் தரவு கொடுத்தவள் நான்தான், அறிக்கையில் ஒரு பகுதி விடப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். மூன்று மழைக்காலத்துக் கணக்கு என்னிடம் இருக்கிறது. ஒருமுறை மூன்றாம் நாலாம் கம்புகளுக்கு நடுவில் உடைந்தது, ஒருமுறை ஏழாம் எட்டாம் கம்புகளுக்கு நடுவில், ஒருமுறை ஐந்தாம் ஆறாம் கம்புகளுக்கு நடுவில். புள்ளி காட்ட முடியாது, எல்லை காட்ட முடியும். மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் அணை வரக்கூடாது. அத்தான் ஒலிவாங்கியை வாங்கி, "இவ என்ர மனிசியின்ர தங்கச்சி. ஊர்ப்பாசத்தில கதைக்கிறா" என்றார். பேராசிரியர் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நின்று பேசுகிறவருக்கு, அவசரத்தில் பிடித்துக்கொள்ளக் குடும்பம்தான் கிடைத்தது.

பொறியியலாளர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அனே ரீச்சர், எனக்குக் கணக்குச் சண்டை விளங்காது," என்றார். அனே என்பது சிங்களத்தில் ஐயோ. "நீங்க அந்த மூணுக்கும் எட்டுக்கும் இடையில அளந்து, எழுதி, நாளைக்குப் பத்து மணிக்கு முந்தி குடுங்க. பிந்தினா இந்த அறிக்கைதான் மேல போகும். அளந்ததுக்கு ஒரு சாட்சி வேணும். வள்ளம் இருக்கிற வீட்டு ஆக்கள் வேணாம், சரிதானே? பிறகு மேல கேப்பாங்க."

உடப்பில் வள்ளமில்லாத வீடு! மண்டபத்து வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஆறு. அதில் மூன்று பூட்டிக் கிடந்தன, ஆட்கள் வெளிநாட்டில். ஒன்று என் வீடு. ஒன்று எங்கள் பள்ளிக்கூட அதிபருடையது. 4.25க்கு அவரிடம் போனேன். தான் அரச ஊழியர், பேராசிரியர் ஒருவருக்கு எதிரான தாளில் கையெழுத்து வைத்தால் நன்றாக இருக்காது என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார். ஆறாவது வீட்டுக் கிழவர் கண் தெரியாதவர். அளவு நாடாவைப் பார்த்ததாக அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? 5.30க்கு வீட்டுக்கு வந்தேன். அத்தான் முன்னறையில் கால் நீட்டி இருந்து, வறுத்த மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உம்மட பேர் அறிக்கையில இருக்கு," என்றார், முள்ளை எடுத்தபடி. "உம்மட பேருக்கு எதிரா நீரே எழுதப் போறீர். நல்லாயிருக்கும்."

"வெட்டிவிடுங்க, அத்தான்."

"அச்சாகிட்டுது. வெட்ட ஏலாது." பிறகு கொஞ்சம் இளகிய குரலில், "சாட்சி கிடைக்கேல்லை என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு சந்தோசம் இருந்தது. அவருடைய வாழ்நாளில் ஒரு விடயம் எவ்வளவு உண்மை என்பதைவிட, அதை யாராலும் நிறுவ முடியாமற்போவதுதான் அவருக்கு அதிகம் ஆறுதல் தந்தது.

அக்கா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று துடைத்தேன். நாலாவது கோப்பையைத் தரும்போது, திரும்பாமல் சொன்னாள்.

"எனக்கு வள்ளம் இல்லையே."

"அக்கா."

"விலாசமும் கொழும்பு. எத்தின மணிக்கு?"

"அத்தான்...?"

"அவர் எட்டு மணிக்குத்தானே எழும்புவார்," என்றாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்று அணை நிற்கிறது. மூன்றாம் கம்புக்கும் எட்டாம் கம்புக்கும் நடுவில் கல் போடவில்லை. அதற்குப் பிறகு வந்த மழைகளில் சின்னவாய் ஒருமுறை நாலாம் கம்போடு உடைந்தது, ஒருமுறை ஏழாம் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. வள்ளங்கள் வந்தன. அத்தானின் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. அதில் நாலாம் பக்கத்து வரி இல்லை. அதற்குப் பதிலாக, உட்பதிந்த கூறு கரையோர ஆய்வில் எவ்வளவு நுட்பமான தகவலைத் தருகிறது என்பதை ஆசிரியர் முதன்முறையாகச் சுட்டிக்காட்டுவதாக இரண்டு பக்கம் இருக்கிறது. ஆசிரியர் என்றால் அவர்தான். மணிவிழா மலரில் அந்தக் கண்டுபிடிப்பைப் பாராட்டி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நான் வாசித்தேன். தூக்கி எறியவில்லை, அலுமாரியில் திகதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு மறுநாள், ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன். அக்கா எனக்கு முன்னரே எழுந்து, தலையை முடிந்துகொண்டு நின்றாள். தேத்தண்ணி குடிக்கவில்லை. முதல் வேலையாக இருவரும் கடற்கரைக்குப் போனோம். அவள் செருப்பை வாடிக்கருகில் கழற்றி வைத்துவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, நாடாவின் நுனியை மூன்றாம் கம்பில் பிடித்தாள். நூறடி நாடா, இரண்டு முறை அளக்க வேண்டும். எட்டாம் கம்புவரை நூற்றுத் தொண்ணூற்றேழு அடி. அவள் கிட்டே வந்து எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள், நான் எழுதினேன். திரும்பவும் அளக்கச் சொன்னாள், அளந்தோம், அதே எண். கொப்பியை முழங்காலில் வைத்துப் பொறியியலாளருக்கான கடிதத்தை முடித்து, சாட்சி என்ற இடத்தைக் காட்டினேன். அக்கா இருபத்தெட்டு ஆண்டுகளாகப் போடுகிற அதே கையெழுத்தைத்தான் போட்டாள்: திருமதி என்று தொடங்கி, பிறகு தன் பெயர் ஒன்றும் இல்லாமல், அத்தானின் பெயர் மட்டும், பேராசிரியரின் பெயர், முழுதாக, தெளிவாக. எழுதி முடித்து, மை காயட்டும் என்று ஊதினாள்.